எட்டிப் பார்க்கிற கேமரா

துறைமுகத்தில் அவளை எல்லாரும் அளவுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலின் வெளிப்பக்கம் தண்ணீர் தொடுகிற இடத்தில், மேலிருந்து கீழாக எண்கள் எழுதியிருக்கும். சரக்கு ஏற ஏறக் கப்பல் அமிழும். எந்த எண் வரைக்கும் தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்த்தால், உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த எண்ணைப் படிப்பதுதான் அவள் வேலை. இதென்ன பிரமாதம் என்று தோன்றும். அலை சும்மா இருந்தால்தானே? ஏறும், இறங்கும், நடுவில் கண் இமைக்கிற நேரம் அடங்கும். அந்த நேரத்தில் படம் பிடித்துவிட வேண்டும். படம் இல்லாவிட்டால் கப்பல்காரர்கள் ஒன்று சொல்வார்கள், சரக்குக்காரர்கள் வேறொன்று சொல்வார்கள், நடுவில் இவள் தலை உருளும்.

அவளுடைய பழைய கேமரா போன மாதம் படகிலிருந்து தண்ணீருக்குள் போய்விட்டது. அவளைக் கேட்டால் அலை தூக்கிப் போட்டது என்பாள். படகோட்டியைக் கேட்டால், "அலையும் இல்ல ஒண்ணும் இல்ல, அம்மா தும்முனாங்க" என்பார்.

"புதுசா ஒண்ணு பார்த்து வாங்கிக்குங்க. வீட்டுக்கும் வச்சுக்கலாம், தப்பில்ல. காலைல நீங்க வரும்போது கேமராவும் கூட வரணும், அவ்வளவுதான்" என்று மேலாளர் பெரிய மனது பண்ணிச் சொல்லிவிட்டார்.

அதே வாரத்தில் கணவனிடமிருந்து செய்தி வந்தது. அவன் சரக்குக் கப்பலில் இயந்திர அறை ஆள். மகள் வாலுவுக்கு நான்கு வயது இருக்கும்போது கிளம்பிப் போனவன். இப்போது வாலுவுக்கு ஆறு. ஒப்பந்தத்தை நீட்டினார்கள், பிறகு இன்னொரு தடவையும் நீட்டினார்கள். அந்தக் கப்பல் இந்தப் பக்கம் வருகிறதாம். ஆனால் துறைமுகத்துக்குள் வராது. வெளியே நங்கூரம் போட்டு எரிபொருள் நிரப்பிக்கொண்டு, அன்று சாயங்காலமே கிளம்பிவிடும். யாரும் இறங்கக் கூடாது, வெளியாள் யாரும் ஏறவும் கூடாது.

"வாசல் வரைக்கும் வந்துட்டு வீட்டுக்குள்ள வர முடியாத பொழப்பு" என்றான் அவன் போனில்.

அளவு எடுக்கிற சாக்கில் படகில் தொற்றிக்கொண்டு போய்விடலாமா என்று மேலாளரிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தாள். "சரக்கே இறக்காத கப்பலுக்கு அளவு எதுக்கும்மா?" என்று அவர் சிரித்தார். அவளும் கூடச் சிரித்துவிட்டு, கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நன்றாக அழுதாள்.

அழுகைக்குக் காரணம் வாலுதான். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தை வரையச் சொன்னார்களாம். அம்மாவுக்கு ரெட்டைச் சடை, அத்தைக்குப் பெரிய மூக்குக்கண்ணாடி, அப்பாவுக்கு மட்டும் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தது. டீச்சர் கேட்டதற்கு, "எங்க அப்பா அப்படித்தான் இருப்பார் மிஸ்" என்று சொல்லியிருக்கிறது. நடுக்கடல் சிக்னலில் வீடியோ போட்டால் வேறு எப்படித் தெரிவார்? மூக்கு ஒரு பக்கம் நிற்கும், வாய் ஒரு பக்கம் போகும், குரல் சாவகாசமாகப் பின்னால் வரும். வீட்டில் கல்யாணப் படம் மாட்டித்தான் இருக்கிறது. அதில் மீசை முளைத்தும் முளைக்காமலும் ஒல்லியாக நிற்பவனை வாலு அப்பா என்று ஒத்துக்கொள்வதே இல்லை. அது யாரோ ஒரு அண்ணனாம்.

கணவனின் அக்காவான நாத்தனார், வாலு வரைந்த படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அளவுக்காரிக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு பகல் பொழுதுக்குள் பிள்ளைக்கு அப்பாவின் முகத்தை முழுசாகக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள். அதை விட்டால் மறுபடி எப்போது என்று கப்பல் கம்பெனிக்கே தெரியாது.

ஆகவே கேமரா வேட்டை ஆரம்பித்தது. முதலில் அவள் தம்பி வந்தான். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, இரண்டிலும் லென்ஸ். அவன் போட்டோ எடுப்பதைவிட போட்டோ எடுப்பதைப் பற்றிப் பேசுவது அதிகம்.

"அக்கா, எடுத்தா இந்த மாதிரி எடு. இதுல எல்லாமே நம்ம கையில இருக்கு."

"எனக்கு ஒரு கைதான்டா மிச்சம். இன்னொரு கை படகுல கயித்தப் பிடிச்சிட்டிருக்கும்."

"பழகிட்டா வந்துரும்க்கா."

சரி, தம்பி மனம் நோகக் கூடாது என்று ஒரு நாள் அதை வேலைக்கு எடுத்துப் போனாள். அவன் சொல்லிக்கொடுத்த வளையங்களைத் திருப்பி முடிப்பதற்குள் அலை வந்தது, போனது, அடுத்ததும் வந்தது. அன்றைக்கு எடுத்ததில் ஒரே ஒரு கடற்காகம் மட்டும் அற்புதமாக விழுந்திருந்தது. கப்பலைக் காணோம். மேலாளர் அந்தக் காகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எவ்வளவு டன்னும்மா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை எல்லாருமாகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மெகாபிக்சல், சென்சார் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பையிலிருந்து வேலைக்குப் போடுகிற கையுறையை எடுத்து வலது கையில் மாட்டிக்கொண்டாள். இடது கையால் கண்ணாடி மேசையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. ஒரு கையில எடுத்து, ஒரு பட்டன அமுக்கினா படம் வரணும். தூரத்துல இருக்கிறது பக்கத்துல தெரியணும். அப்படி எது இருக்கோ அத மட்டும் காட்டுங்க."

ஒன்று கையுறைக்கு மசியவில்லை. இன்னொன்றின் பட்டன்கள் எள்ளுப் போல இருந்தன. மூன்றாவதாக வந்தது கொஞ்சம் குண்டு, பார்க்க லட்சணமும் இல்லை, ஆனால் கையில் நன்றாக உட்கார்ந்தது. முன்பக்கத்துக் குழல் நீள்கிறது, நீள்கிறது, நீண்டுகொண்டே போகிறது.

"அண்ணி, நீங்க பாருங்க" என்று நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் இதுவரை போனில் எடுத்த எந்தப் படத்திலும் அவள் கட்டைவிரல் இல்லாமல் இருந்ததில்லை. அவளுக்கு வந்துவிட்டால் யாருக்கும் வந்துவிடும்.

நாத்தனார் கடை வாசலில் நின்று எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். "ஐயையோ, மூணாவது மாடியில ஒருத்தர் ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்து வாயப் பிளந்துட்டுத் தூங்குறார். பல்லு கூடத் தெரியுது!" என்றாள். அப்புறம் கை ஆடி, ஆள் தொலைந்து, வெறும் சுவராக ஓடியது. "எங்க போனார்? தேடவே முடியலியே."

"பக்கவாட்டுல ஒரு பட்டன் இருக்கு பாருங்கம்மா" என்றார் கடைக்காரர். அதை அமுக்கினால் காட்சி பின்னுக்கு வந்து அகலமாகக் காட்டுகிறது. தேடின ஆளை நடுவில் வைத்துக்கொண்டு கையை எடுத்தால், திரும்ப அவர் பல்லருகே போய் நிற்கிறது. வாலு அதை வாங்கி ஒரே தடவையில் செய்து காட்டிவிட்டது. அளவுக்காரிக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. தம்பி மட்டும் "பொம்மை கேமரா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

கப்பல் வந்த அன்று காலையில் நால்வரும் அலைதடுப்புச் சுவரின் கடைசிக்கே போய்விட்டார்கள். தம்பி கோபத்தை மறந்து, கேமராவை நிறுத்த முக்காலி கொண்டுவந்திருந்தான். வெறும் கண்ணுக்குக் கப்பல் தீப்பெட்டி அளவுதான். சிக்னல் ஒரு கோடு. வீடியோ போட்டுப் பார்த்தார்கள், மறுபடியும் கட்டம்தான் வந்தது. அதை அணைத்துவிட்டுப் பேச மட்டும் செய்தார்கள்.

"மேல்தளத்துல பின்பக்கமா நிப்பேன். ஆரஞ்சுக் கலர்ல இருப்பேன். பார்த்ததும் தெரிஞ்சிரும்" என்றான் கணவன்.

அவள் குழலை நீட்டினாள். திரையில் கப்பல் பாய்ந்து முன்னால் வந்தது. வாலு எட்டிப் பார்த்து முகம் சுளித்தது. "என்னம்மா இது, வெறும் தண்ணியும் நம்பருமா இருக்கு. அப்பா தண்ணிக்குள்ளயா இருக்கார்?"

பழக்க தோஷம். நாக்கைக் கடித்துக்கொண்டு கேமராவை மேலே நிமிர்த்தினாள். மேல்தளத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆரஞ்சு உடையில் இருந்தார்கள். தலைக்குத் தலை வெள்ளைத் தொப்பி வேறு.

"அதோ அவன்தான்! என் தம்பி நடையே தனி. நான் தூக்கி வளர்த்தவளாச்சே, எனக்குத் தெரியாதா?" என்றாள் நாத்தனார். அந்த ஆள் திரும்பினான். மார்பு வரை தாடி. நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

அளவுக்காரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில், கம்பியோரம் ஒருவன் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு இன்னொரு கையை மாங்கு மாங்கென்று ஆட்டிக்கொண்டிருந்தான். அவனேதான். ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது வேறு பக்கம்.

"ஏங்க, அது கிரேன். நீங்க கிரேனுக்குக் கை காட்டிட்டிருக்கீங்க."

"அப்படியா? நீங்க எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். இன்னும் கொஞ்சம். ஐயோ, அது எண்ணெய் டேங்க். சுவரு முடியிற இடம் பாருங்க."

"எனக்குச் சுவரே தெரியலடி. சரி, இரு. மேல கேட்டு பைனாகுலர் வாங்கிட்டு வந்துடறேன்."

ஓடிப்போனான். ஓடிவந்தான். மூச்சு வாங்குவது போனில் கேட்டது. பிறகு ஒரு கத்தல். "தெரியுது! எல்லாரும் தெரியுறீங்க! அக்கா நிக்குது, மாப்ள நிக்கிறார். அந்தக் குட்டி யாரு? வாலுவா? இவ்வளவு உயரமா?"

வாலு திரையில் மூக்கு ஒட்டும்படி குனிந்திருந்தது. நிமிர்ந்தபோது அதன் உதடு பிதுங்கியது.

"அப்பாவுக்கு மூஞ்சியே இல்லம்மா."

உண்மைதான். வெள்ளைத் தொப்பி, அதற்குக் கீழே இரண்டு கறுப்புக் குழல், ஒரு வாய். அவ்வளவுதான் அப்பா.

"ஏங்க, அத கொஞ்சம் கீழ இறக்குங்க. பிள்ளை உங்க மூஞ்சியப் பார்க்கணும்."

"இறக்கினா நீங்க தெரிய மாட்டீங்களே!"

அவனும்தான் இந்த ஒரு பகலுக்காகக் காத்திருக்கிறான்.

"சரி, முதல்ல பிள்ளை பார்க்கட்டும்" என்றான்.

குழல்கள் இறங்கின. வெயிலில் கறுத்து, மீசை தடித்து, கண்ணோரம் சுருக்கம் விழுந்து, ஒரு முகம் முழுசாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடலைப் பார்த்துச் சிரித்தது. வாலு அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றது. வீட்டில் அரை நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை.

"அப்பாவுக்கு மூக்கு பெருசு" என்றது கடைசியில்.

"உன் மூக்குதான்டி அது" என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. வாலு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பட்டனை அமுக்கியது. ஒன்று, இரண்டு, அப்புறம் கையை எடுக்கவே இல்லை.

"இப்ப என் முறை" என்றான் அவன். குழல்கள் மறுபடி முகத்துக்கு ஏறின. "அக்கா சரி, வாலு சரி. நீ எங்க? கேமரா உன்ன மறைக்குது. அந்தப் பக்கம் தள்ளி நில்லு."

அவளுக்கு மனசே வரவில்லை. இவ்வளவு நேரம் அவனைக் கண்டுபிடிக்கவும், பிள்ளைக்குக் காட்டவுமே சரியாக இருந்தது. அவள் இன்னும் ஆற அமரப் பார்க்கவில்லை. கேமராவை விட்டு நகர்ந்தால் அவன் மறுபடி தீப்பெட்டிக்குள் போய்விடுவான்.

"நீ போம்மா, நான் பாத்துக்கறேன். ஒரு பட்டன்தானே" என்றது வாலு.

அவள் சுவரின் விளிம்புக்குப் போய்த் தனியாக நின்றாள். பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள், அது திரும்பவும் பறந்தது. போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"தெரியுதா?"

"ம்."

"என்ன, பேச்சையே காணோம்?"

"இளைச்சுட்ட."

"நானா இளைச்சேன்? அதத் துடைச்சுட்டு ஒழுங்கா பாருங்க."

பின்னாலிருந்து வாலு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. "அப்பா அத எடுத்துட்டார்... துடைக்கிறார்... மறுபடியும் வச்சுட்டார்..."

"பைனாகுலரையா துடைக்கிறார்?"

"இல்லம்மா, கண்ண."

அவளுக்குக் கேமராவிடம் ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது.

"போயிடாத" என்றான் அவன். "கொஞ்ச நேரம் அப்படியே நில்லு."

அவளுக்கு அங்கிருந்து ஒரு ஆரஞ்சுப் புள்ளி கூடத் தெரியவில்லை. எங்கே நிற்கிறான் என்று தெரியாததால், மொத்தக் கப்பலையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு, அவன் போதும் என்று சொல்கிற வரைக்கும் அப்படியே நின்றாள்.