பத்து மணிக் காற்று

பக்கத்தில் கோழிப்பண்ணை வந்த பிறகு, கொத்தனார் தன் கையால் கட்டிய வீட்டைப் பாதி விலைக்கும் யாரும் கேட்கவில்லை. மனைவிக்கு மூச்சிரைப்பு, விற்றால்தான் வேறிடம் போக முடியும். காலை பத்துவரை காற்று பண்ணையை நோக்கி வீசும் என்பதால், வீடு பார்க்க வருபவரை ஒன்பதுக்கே வரச் சொல்லியிருந்தார்.

வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "வேலை சுத்தம்ணே. நாத்தம் குடலைப் புடுங்கும்னு பயமுறுத்துனாங்க, ஒண்ணையும் காணோமே!"

"வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க தம்பி."

பேச்சில் பத்து மணி ஆனது. மனைவி பழக்கதோஷத்தில் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகினாள்.

"எதுக்குக்கா இந்தப் புழுக்கத்துல சாத்துறீங்க?"

வந்தவர் ஒரு சன்னலைத் திறந்தார். மறுநொடி மூக்கைப் பொத்தினார்.

அவர் போன பிறகு கொத்தனார் மனைவியைத் திட்டவில்லை. எழுந்துபோய் அந்தச் சன்னலைத் தானே சாத்தினார்.