மரத்துப்போன முழங்கால்

ஆட்டக்காரர்கள் வரிசையாக வெளியே வந்தபோது, மேலே வர்ணனையாளர் அறையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சுபல் கோருயி ஒருவனுடைய கால்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லக்கன் மாண்டி, இருபத்திரண்டு வயது, தடுப்பாட்டக்காரன். மைதான எல்லைக்கோட்டைத் தாண்டுமுன் புல்லைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வது கொல்கத்தாவில் கால்பந்து ஆடும் எல்லோருக்கும் உள்ள வழக்கம். லக்கன் எப்போதும் இடது முழங்காலை மடக்கி உட்கார்ந்து தொடுவான். இன்று நின்றவாக்கில் இடுப்பை வளைத்துத் தொட்டான். பிறகு இடது காலை இரண்டு தரம் ஓங்கி மிதித்துப் பார்த்தான்.

சுபலுக்குப் புரிந்துவிட்டது. ஊசி போட்டு மரத்துப்போன காலைத்தான் அப்படி மிதிப்பார்கள், அது இருக்கிறதா என்று பார்க்க.

அவரும் அப்படி மிதித்தவர்தான். பதினோரு வருடம் ஆடினார். பெரிய ஆட்டம் என்றால் கிளப் டாக்டர் வருவார், ஊசி போடுவார், போய்விடுவார். முப்பது வயதில் முழங்கால் கைவிட்டது, கூடவே கிளப்பும் கைவிட்டது. ஒரு மாலை, ஒரு சால்வை, கதை முடிந்தது. ஆறு வருடம் நாதியற்றுக் கிடந்தவரைத் தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். பேச்சு நன்றாக வந்தது. முழங்காலைப் பற்றி சுபல்தா சொன்னால் டாக்டர் சொன்ன மாதிரி என்று டிராமில் பேசிக்கொண்டார்கள். அண்ணனை அங்கே தாதா என்பார்கள், பெயரோடு சேர்ந்தால் வெறும் தா. மனுஷனுக்கு அதில் பெருமை வேறு.

இந்த சீசனோடு அவருடைய வர்ணனை ஒப்பந்தம் முடிகிறது. லக்கனின் கிளப் முதலாளிதான் சேனலுக்கும் முதலாளி.

இருபதாவது நிமிடத்தில் லக்கன் திரும்பும்போது தடுமாறினான். பக்கத்து நாற்காலி வர்ணனையாளன் அனிந்தோ கேட்டான்.

"சுபல்தா, அந்தக் கால் கொஞ்சம் சந்தேகமா இருக்கே. உங்களுக்குத் தெரியாததா, சொல்லுங்க."

காதுக்குள் தயாரிப்பாளர் ரோனிதாவின் குரல் முந்திக்கொண்டது. "தாதா, அந்தப் பேச்சே வேணாம்."

சுபல் மைக்கை அணைக்கும் பொத்தானை அழுத்தினார். "பையனுக்கு ஊசி போட்டிருக்காங்க, ரோனிதா. முழுசா ஆடினா கால் போயிடும்."

"அதைப் பார்க்க அவங்க டாக்டர் இருக்கார். அடுத்த சீசனும் நீங்க இங்க உட்காரணும்னு எனக்கும் ஆசைதான் தாதா. ஆட்டத்தை மட்டும் சொல்லுங்க."

விரலை எடுத்தார். "ஒண்ணுமில்ல அனிந்தோ. நான் பார்க்காத முழங்காலா? கல்லு மாதிரி இருக்கு. புல்லு வழுக்குது, அவ்வளவுதான்."



எழுபத்திரண்டாவது நிமிடம். பந்து அந்தக் கோடியில் இருந்தது, லக்கனை யாரும் தொடவில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே மடிந்து விழுந்தான். அனிந்தோ சுபலின் முகத்தைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் பிற்பகல், சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று காலைதான் ரோனிதா கூப்பிட்டு, ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீள்கிறது என்று சொல்லியிருந்தாள். லக்கன் அவர் காலைத் தொட எழுந்திருக்கப் பார்த்தான்.

"படுடா. டாக்டர் என்ன சொன்னார்?"

"நடக்கலாமாம்."

சுபல் டப்பாவை அவன் பக்கத்தில் வைத்தார். லக்கனே பேச்சைத் தொடர்ந்தான்.

"இடைவேளையில நான் வேணாம்னுட்டேன் தாதா. கால் என்னுது மாதிரியே இல்ல, வேற ஆளை இறக்குங்கன்னு கோச்கிட்ட சொன்னேன். அவரும் சரின்னுட்டார்."

"அப்புறம்?"

"கிளப் செயலாளர் போனை நீட்டினார். அதுல நீங்க பேசினது ஓடுச்சு. சுபல்தாவே கல்லுங்கிறார், நீ என்ன அவரைவிடப் பெரிய ஆளான்னு கேட்டார். எனக்கே வெட்கமாப் போச்சு. ரெண்டாவது ஊசிக்கு நானேதான் காலை நீட்டினேன்."

அவன் குரலில் கோபம் ஒரு துளி இருந்திருந்தால்கூடச் சுபல் தாங்கியிருப்பார். அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு எப்படி தாதா தெரியாமப் போச்சு? அவ்வளவு தூரத்துல இருந்து பார்த்ததாலயா?"

"ஆமாம்டா," என்றார் சுபல். "ரொம்ப தூரம்."

லக்கன் நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தான்.

"அதானே. அம்மா உங்களைக் கண்டபடி ஏசிட்டாங்க. சுபல்தா தெரிஞ்சே பொய் சொல்ற ஆளில்லன்னு நான்தான் சண்டை போட்டேன்."