கண்ணாடியில் கறுப்புப் புகை

இப்போதைய வண்டிகளில் இன்ஜினுக்கு நோவு வந்தால் மஞ்சள் விளக்கு எரிகிறது. மெஷினை மாட்டினால் என்ன நோவு என்று நம்பரே சொல்லிவிடுகிறது. தொண்ணூற்று நாலில் என் டீசல் வேனுக்கு அந்த வாயெல்லாம் கிடையாது. புகையின் நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் வண்டி கக்கியது கன்னங்கரேலென்ற கறுப்பு. எம்.ரெட்டியபட்டியில் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்ப்பேன். வழியனுப்ப நிற்கும் என் பெண்டாட்டி தங்கத்தாய் தெரிய மாட்டாள், புகைதான் தெரியும்.

கிணறு வற்றி, பருத்தியும் கைவிட்ட பிறகு அந்த வேன்தான் எங்களுக்குச் சோறு. அருப்புக்கோட்டையில் ஒரு மில்லுக்கு எங்கள் பக்கத்துப் பெண்களை ஏற்றிப்போக வேன் கேட்டிருந்தார்கள். மேனேஜர் கறாரான ஆள்.

"திங்கக்கெழம எஃப்சியோட வண்டி நிக்கணும் காளிராஜ். இல்லன்னா வீரசோழன் வேனுக்குச் சொல்லிருவேன்" என்றார்.

வண்டி ஓடத் தகுதியானது என்று சான்று தரும் அந்த எஃப்சி சோதனை வெள்ளிக்கிழமை விருதுநகரில். பிரேக் இன்ஸ்பெக்டர் புகை விஷயத்தில் தாட்சண்யமே பார்ப்பதில்லை என்று டிரைவர்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். இந்தச் சவாரி போனால் வேனை விற்றுவிட்டுத் திருப்பூர் போவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

வியாழக்கிழமை அருப்புக்கோட்டை மெக்கானிக் பூமிநாதனிடம் வண்டியை விட்டேன். என்னோடு படித்தவன்தான். நாசிலைக் கழற்றிப் பார்த்தான். டீசலைத் தூறலாகத் தெளிக்க வேண்டியது ஒழுகிக்கொண்டிருந்தது. மாற்றினான், புகை நின்றது. ஊர் திரும்பும்போது கண்ணாடியில் ரோடு தெரிந்தது, கருவேலமரம் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில் வாய் சும்மா இருக்குமா? வீட்டு வாசலில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கத்தாய்க்குப் பாடம் நடத்தினேன்.

"கறுப்புப் புகைக்கு ரெண்டே காரணந்தான். டீசல் கூடுதலாப் போகணும், இல்ல காத்து கொறையணும். இந்தா இருக்கே குழா, இது வழியாத்தான் வண்டி மூச்சு விடுது. வண்டியோட உசுரே இங்கனதான் இருக்கு."

"இங்கனயா?" என்று குழாயின் வாயைத் தொட்டுக் கேட்டாள். நான் பேசுவதை அவள் பயபக்தியோடு கேட்பது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அபூர்வம். பூரித்துப்போனேன்.

மறுநாள் காலையில் சாவியைத் திருகினேன். வாசலே இருட்டிப்போனது. முந்தின நாளைவிட மோசமான கறுப்பு. வண்டியும் இழுக்கவில்லை, முக்கி முனகிக்கொண்டு வந்தது. பூமிநாதனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினேன். கூட வந்த தங்கத்தாய், "வையாதீக, நல்லபடியா முடியும்" என்றாள். அவளுடைய நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏலே, நாசிலை மாத்துனியா, மாத்துனேன்னு சொன்னியா?" என்று பட்டறை வாசலிலேயே கத்தினேன்.

பூமிநாதன் வண்டியில் ஏறினான். ஆக்சிலேட்டரை மிதித்து, இன்ஜின் இரைவதைக் கேட்டான். குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"நேத்து டீசல் கூடிப்போச்சு. இன்னைக்கு அது இல்ல, காத்து போகல. மூச்சு முட்டுது. குழாயில யாரு கைய வச்சது?"

"யாருலே வைப்பா? வீட்டு வாசல்லதான் நின்னுச்சு."

அவன் கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தான். வளைவில் தக்கையாக அடைத்திருந்த மஞ்சள் துணி வந்தது. அதில் ஒரு காசு முடிந்திருந்தது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்த முடிச்சு. நானும் பூமிநாதனும் தங்கத்தாயைப் பார்த்தோம்.

"உசுரே இங்கனதான்னு நீங்கதான சொன்னீக? அதான் உசுரு இருக்குற எடத்துல ஆத்தாளைக் காவல் வச்சேன்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே திரும்பிப் போனது. பாடம் நடத்தியது நான்தானே. பூமிநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். முடிச்சை மட்டும் கீழே போடாமல் இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் நீட்டினான்.

"காரியம் முடியாம நேந்ததை அவுக்கக் கூடாதே, தம்பி" என்றாள்.

"அவுக்க வேணாம் மதினி. எடத்தை மட்டும் மாத்துங்க. ஆத்தாளுக்கும் கொஞ்சம் காத்து வேணும்ல."

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். நான், "வஞ்சதை மனசுல வச்சுக்கிறாதலே" என்றேன். "போலே, நேரமாகுது" என்று பானட்டைத் தட்டினான்.

விருதுநகரில் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். பிரேக், ஹாரன், விளக்கு எல்லாம் பார்த்தார். கடைசியில் பின்னால் போய் நின்றுகொண்டு, "மிதிய்யா" என்றார்.

மிதித்தேன். "இன்னும்" என்றார். தரையோடு தரையாக மிதித்தேன். பின்னால் பார்க்கத் தைரியமில்லாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும்மா அது? சைலன்சர்கிட்ட வந்து நிக்கிறது? தள்ளிப் போ!" என்ற சத்தம் கேட்டது.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். முந்தானை முடிச்சை இரண்டு கையாலும் பிடித்தபடி தங்கத்தாய் நின்றாள். மூக்குத்தி தெரிந்தது, அழுத கண் தெரிந்தது. நடுவே புகை என்று ஒன்றுமே இல்லை. இன்ஸ்பெக்டர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவ கொஞ்சம் அங்கனயே நிக்கட்டும் சார்" என்றேன்.