மேல்பூச்சு விரிசல்

நிலநடுக்கம் என்பது சிவில் இன்ஜினியரிங் படிக்காதவர்களின் பிரச்சினை. நான் மூன்றாம் ஆண்டு. கட்டட அமைப்பியலில் இரண்டு அரியர் இருப்பது உண்மைதான்; ஆனால் பூமிக்கு அது தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை பதினெட்டு விநாடி குலுங்கியதில் எங்கள் நகரம் பல உண்மைகளை வெளியிட்டது. வங்கியின் சுவர்களெல்லாம் சரிந்து, பெட்டக அறையின் கதவு மட்டும் பூட்டியபடி கடமையில் நின்றது. கடைத்தெருவின் தார்ச்சாலை நட்ட நடுவில் வெள்ளைக்கோட்டை ஒட்டியே பிளந்தது. அந்தக் கோட்டை யாராவது மதித்து நான் பார்த்தது அன்றுதான். சேதத்தை அளக்க வந்த ஊழியர்களிடம் மக்கள் ஆறு வருடத்துப் பழைய பள்ளங்களையும் காட்டினார்கள். அவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

பயந்தவர்கள் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போனார்கள். எங்கள் மூன்றாம் மாடி வீட்டு ஜன்னலில் நின்று, "எறும்பு முட்டையைத் தூக்கிட்டுப் போகுதுப்பா" என்று வர்ணனை கொடுத்தேன்.

அப்பா சிரித்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டு நாள். கட்டடம் மறுபடி ஆடினால், வீட்டில் ஓட முடியாத ஒரே ஆள். அவருடைய தலைமாட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை சாய்வாக ஒரு விரிசல்.

"படிக்கிறவன் நீ. அப்பாவை இங்கேயே வெச்சிக்கலாமா, கீழே கொண்டுபோயிடலாமா? ஒரு வார்த்தை சொல்லு" என்றாள் அம்மா.

டாக்டர் முதுகைத் தட்டுவதுபோல் சுவரைத் தட்டினேன். "வெறும் மேல்பூச்சு விரிசல்ம்மா."

"என் பையனே சொல்லிட்டான், அப்புறம் என்ன?" என்று அப்பா போர்வையை இழுத்துக்கொண்டார்.

கீழ்த்தளத்தில் தையற்கடை. கடைக்கார அக்கா, துணிக்கு அளவு வெட்டும் பழுப்புக் காகிதத்தைக் கீற்றாக நறுக்கி, சுவர் விரிசல்களின் குறுக்கே ஒட்டி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, சுவருக்கு ஒட்டுப் போடுறீங்களா? அப்படியே ரெண்டு பட்டனும் வெச்சிடுங்க."

"சுவரு நகர்ந்தா காகிதம் கிழியும் தம்பி. நமக்குத் தெரிஞ்சிடும்."

"எல்லாம் மேல்பூச்சுக்கா. படிச்சவன் சொல்றேன்."

"சரி தம்பி. காகிதம் படிக்கல, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

வியாழக்கிழமை மதியம் தைக்கக் கொடுத்த பேண்ட்டை வாங்கப் போனேன். செவ்வாய்க்குப் பிறகு பூமி ஆடவே இல்லை. இருந்தும் மூன்று காகிதங்கள் கிழிந்திருந்தன. அக்கா தையல் இயந்திரத்தைப் பலகையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"காகிதம் மட்ட ரகமோ?" என்றேன்.

"இருக்கும். பேண்ட் கிழியாது, ரெட்டைத் தையல் போட்டிருக்கேன்."

வீட்டில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில். கட்டட அமைப்பியல் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அந்த நோட்டு ஒரு கட்டடத்துக்குப் பயன்பட்டது அதுவே முதல்முறை. கோந்து தடவி, விரிசலின் குறுக்கே, கட்டில் சட்டம் மறைக்கும் இடமாகப் பார்த்து ஒட்டினேன். தேதி மட்டும் போடவில்லை. அறிவியலுக்கும் மானத்துக்கும் நடுவே ஒரு சமரசம்.

வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கியபடி குனிந்து பார்த்தேன். தாள் இரண்டாக இருந்தது. நடுவில் சுவர் தெரிந்தது.

வாயில் நுரையோடு, தாளின் இரண்டு பாதியையும் விரலால் அழுத்திச் சேர்த்துப் பார்த்தேன்; சேரவில்லை. பிறகு கொப்பளித்துவிட்டு வந்து, "அப்பா, மைதானத்துல நல்லா காத்து வருதாம்" என்றேன்.

"கிழிஞ்சிடுச்சா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"உங்களுக்கு எப்படி..."

"நேத்து கோந்து என் காதுல சொட்டிச்சு. படிச்ச பிள்ளை, ஏதோ காரணமாத்தான் செய்யறான்னு விட்டுட்டேன்."

கீழே ஓடினேன். அக்கா கடைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அப்பாவை நாற்காலியோட இறக்கணும். ஒரு கை கொடுங்க."

"ஏன் தம்பி, மேல்பூச்சா?"

வாயில் இன்னும் நுரை இருப்பதுபோல் நடித்தேன்.

அவர் நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தார், நான் முதுகுப் பக்கம். படிக்கட்டு திரும்பும் இடத்திலெல்லாம் அப்பா, "லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி" என்று எங்களை ஓட்டிக்கொண்டே வந்தார். அம்மா ஊன்றுகோலோடு பின்னால் வந்தாள். "படி பார்த்து" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

இரண்டாம் நடையில் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிர்க் கட்டடத்து ஜன்னலில் ஒருவன் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். முகம் மறையும்படி மெத்தையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.