கீற்றுக் காசு

மரக்காணம் உப்பளத்தில் சவரிராயனுக்கும் பஞ்சநாதனுக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தி. நடுவில் ஒரு வரப்புதான். பீடியும் கஞ்சியும் அந்த வரப்பை மதித்ததே இல்லை.

எழுபத்தேழாம் வருஷம் மாசி மாதம், சவரிராயன் பெண்சாதி மரியசெல்விக்குப் பிரசவம் சிக்கலாகி, வாடகைக் கார் வைத்துப் புதுச்சேரிக்கு ஓடினார்கள். கேட்காமலே நூற்றைம்பது ரூபாயை அவன் கையில் திணித்தான் பஞ்சநாதன்.

"கீத்துக் காசுடா அது. கோடை மழைக்கு முன்ன குடுத்துடு."

குவித்த உப்பு அம்பாரத்தைத் தென்னங்கீற்றால் மூடினால்தான் மழைக்கு நிற்கும். இல்லையென்றால் நாலு மாதப் பாடு வாய்க்காலோடு போய்விடும்.

"அந்தோணியார் சத்தியமா குடுத்துடறேன்" என்றான் சவரிராயன்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வைகாசியில் ஒரு புதன்கிழமை உப்பு வியாபாரி அவனுக்கு இருநூறு ரூபாய் முன்பணம் கொடுத்தார். மடியில் கட்டிக்கொண்டு நண்பன் வீட்டுக்குத்தான் கிளம்பினான். வழியில் கலியமூர்த்தியின் கீற்றுக் கடை. கால் நின்றுவிட்டது. மழை எங்கே வரப்போகிறது என்று பஞ்சநாதனுக்காக நினைத்தான். வந்துவிட்டால் என்ன செய்வது என்று தனக்காக நினைத்தான். இருநூறும் அங்கேயே கைமாறியது.

மறுநாள் அவன் அம்பாரத்தின் மேல் ஏறிக் கீற்றுக் கட்டும்போது, பஞ்சநாதன் வரப்பைத் தாண்டி வந்து கயிற்றைப் பிடித்தான்.

"ஏம்பா, ஏது கீத்து? லாட்டரி கீட்டரி அடிச்சிட்டியா?"

"கலியமூர்த்திதான்... கடனா குடுத்தாரு." வாய் முந்திக்கொண்டது.

"யாரு, அந்தக் கஞ்சனா? சிரிச்சா பல்லு தேஞ்சிடும்னு பயப்படுறவனாச்சே! டேய், எனக்கும் கேளுடா. நீ சொன்னா குடுப்பான்."

கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதிக் கீற்று இன்னும் தரையில்தான் கிடந்தது. அப்போதே சொல்லியிருந்தால் அதை அந்தப் பக்கம் தூக்கிப் போட்டிருக்கலாம். சவரிராயன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

"மொதல்ல உன்னுத முடிச்சிடலாம்" என்று பஞ்சநாதனே மீதியையும் இழுத்துக் கட்டினான். பிறகு சைக்கிளை எடுத்தான். பின்னால் உட்கார்ந்த சவரிராயனுக்கு, நண்பனின் வியர்த்த முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"ஞானஸ்நானத்துக்கு எங்களுக்கு பிரியாணி உண்டா? இல்ல சக்கரத் தண்ணிதானா?"

"உண்டு, உண்டு" என்றான்.

கடையில் கலியமூர்த்தி இவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடனா? எங்கப்பனுக்கே நான் கடன் குடுத்ததில்ல. நேத்து இவரு இருநூறு ரூவா ரொக்கமா வெச்சப்புறம்தான் வண்டியில ஏத்தினேன்."

பஞ்சநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினான்.

"ஏறு. மழை வருது."

அவர்கள் உப்பளம் சேர்வதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. காற்று கீற்றையெல்லாம் தூக்கியடித்தது. சவரிராயன் ஓடிப்போய்த் தன் அம்பாரத்தில் ஏறி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

"அவுக்காத" என்றான் பஞ்சநாதன்.

"உங் காசுடா இது!"

"தெரியும். இந்தக் காத்துல அவுத்தா ரெண்டும் போயிடும்."

மழை கொட்டியது. பஞ்சநாதனின் வெள்ளைக் குவியல் உச்சியிலிருந்து சரிந்து, தண்ணீராக வரப்பில் முட்டியது. அவன் மண்வெட்டியை எடுத்துக் கீழ்ப்பக்கம் வாய்க்காலுக்கு வழி வெட்டினான். இல்லையென்றால் அந்தத் தண்ணீர் வரப்பை உடைத்துச் சவரிராயன் அம்பாரத்தின் அடியை அரித்துவிடும்.

"உப்பு வித்த காசு மொத்தமும் உனக்குத்தாண்டா! சத்தியமா!" மேலிருந்து கத்தினான் சவரிராயன்.

பஞ்சநாதன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"நூத்தம்பது குடு, போதும். எறங்கு. நீ நிக்கிற எடத்துல கீத்து சரியுது."