எண்பத்திரண்டு டிகிரி

அக்கா லாரியைக் கொண்டுவந்து பட்டறை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினாள். உள்ளே நிற்கிற வண்டி வெளியே போக முடியாது, வெளியே நிற்கிறது உள்ளே வர முடியாது. எஞ்சினையும் அணைக்கவில்லை. தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. சைலன்ஸரிலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று கிளம்பி, எதிர் பட்டறைக்காரரின் போர்டை மறைத்தது.

"வெளிய வாடா! நீ கட்டின எஞ்சினை வந்து பாரு!"

தம்பிக்கு நாற்பத்து நாலு வயது. அந்தத் தெருவில் அவனுக்கு டிகிரி என்று பெயர். பத்தாவதைத் தாண்டாத டிகிரி. எந்த வண்டி வந்தாலும் "எத்தனை டிகிரியில ஓடுது?" என்றுதான் முதலில் கேட்பான். அதனால் வந்த பட்டம். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவனை அக்கா மூச்சு விடவிடவில்லை.

"எஞ்சின் கட்டி முழுசாப் பதினாலு மாசம் ஆகலடா. அதுக்குள்ள ஆயிலைக் குடிச்சுத் தீர்க்குது. மேட்டுல ஏத்தினா மூச்சு வாங்குது. பின்னாடி வர்றவன் எல்லாம் ஹார்ன் அடிச்சுத் திட்டுறான். சொந்தத் தம்பின்னு உன்கிட்ட விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். நான் எதிர் பட்டறையில விட்டுக்கிறேன்."

எதிர் பட்டறைக்காரர் அதற்குள் ஒரு ஸ்டூலை எடுத்து வாசலில் போட்டு வசதியாக உட்கார்ந்திருந்தார். டிகிரிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. இந்தப் பட்டறைக்கு முதன்முதலில் வந்த வண்டி அக்காவின் லாரிதான். அது இருபதடி தள்ளி அந்த மனுஷன் வாசலில் போய் நின்றால், நாளைக்கு இவனை நம்பி எவன் ஒரு போல்ட்டைக் கொடுப்பான்? கூடப் பிறந்தவளே நம்பவில்லை என்று ஊரே பேசும்.

"அரை மணி நேரம் குடு. என் தப்புன்னா நானே தள்ளிட்டுப் போய் அங்க விடுறேன்" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

எஞ்சினை அணைத்து ஆயில் மூடியைத் திறந்தான். மூடியின் உள்பக்கம் சோப்பு நுரை காய்ந்தது போல வெள்ளையாக அப்பியிருந்தது. விரலால் வழித்து மோந்து பார்த்தான். ஆயிலில் டீசல் வாடை.

"சூடு காட்டுற முள்ளு எங்க நிக்குது?"

"அது ஒண்ணுதான் உருப்படி. கால் பாகத்தைத் தாண்டாது. என்ன லோடு ஏத்தினாலும் எஞ்சின் குளுகுளுன்னு ஓடும்" என்றாள் அக்கா, அந்தக் கோபத்திலும் கொஞ்சம் பெருமையாக.

டிகிரி ஸ்பானரை எடுத்தான். எஞ்சின் தலைப்பகுதியில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வாயில், தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். தண்ணீர் வேண்டிய அளவு சூடாகும்வரை வழியை அடைத்துக்கொண்டிருக்கும், சூடானதும் திறந்துவிடும். எஞ்சினைக் கட்டியபோது, இந்த லாரிக்கு எந்த வால்வு என்று முடிவு பண்ண அவன் ஒரு நாள் முழுக்க அடுப்பில் சட்டியை வைத்து, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, மூன்று வால்வுகளை வேகவைத்துப் பார்த்திருந்தான். எழுபத்தொன்றில் திறப்பதைப் போட்டால் டீசல் முழுசாக எரியாது. தொண்ணூறு புது வண்டிக்குச் சரி, இந்தக் கிழ ரேடியேட்டர் மேட்டில் தாங்காது. எண்பத்திரண்டுதான் இதற்கு. அக்காவும் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வேகுறதுக்குள்ள எனக்குப் பசிக்குதுடா" என்று கேலி பண்ணினாள்.

இரண்டு போல்ட்டையும் கழற்றி மூடியைத் தூக்கினான். உள்ளே வெறும் ஓட்டை. வால்வைக் காணோம்.

அதற்கப்புறம் அவன் கத்தியது நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"வாங்கண்ணே! எல்லாரும் வந்து பாருங்க! வால்வே இல்லாம பதினாலு மாசம் பச்சைத் தண்ணியில ஓட்டியிருக்கா! எரியாத டீசல் உள்ள இறங்கி, ஆயிலைக் கெடுத்து, பிஸ்டன் ரிங்கையெல்லாம் தேய்ச்சுப்புட்டு, வந்து என் எஞ்சினைக் குறை சொல்றா! எந்த முட்டாள் கழட்டினான்? ஸ்டியரிங் பிடிச்சா மட்டும் போதுமா? மண்டையில ஏதாவது இருக்க வேணாமா?"

எதிர் பட்டறைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். பக்கத்துக் கடை வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் பதிலுக்குக் கத்தாதது அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. ஜெயித்த வெறியில் இருந்தான்.

"கழட்டினது நான்தான்" என்றாள். "கழட்டச் சொன்ன முட்டாள் நீ."

"நானா?"

"வண்டி எடுத்த ரெண்டாவது வாரம். மேட்டு ரோட்டுல முள்ளு ஏறிடுச்சு, லோடோட நிக்கிறேன்னு போன் பண்ணினேன். ஞாபகம் வருதா? வால்வு சிக்கியிருக்கும், கழட்டித் தூக்கிப் போட்டுட்டு ஓட்டு, ஒண்ணும் ஆகாதுன்ன. ஃபேன் பெல்ட் தொளதொளன்னு இருக்கேன்னு சொல்ல வாயெடுத்தேன், போனை வச்சுட்ட. நானே இழுத்துக் கட்டினேன்."

ஞாபகம் வந்தது. வேறொரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். போனைத் தோளில் இடுக்கியிருந்தான். அவசரத்துக்குச் சொன்னது அது. ஊர் திரும்பியதும் வா, புதுசு மாட்டணும் என்று மனதுக்குள் நினைத்தது நிச்சயம். வாயைத் திறந்து சொன்னானா? சொல்லவில்லை. ஆயில் மாற்றுவதெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள். அதனால் வண்டியும் இந்தப் பக்கம் வரவில்லை, அவனும் கேட்கவில்லை.

அக்கா டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால், வால்வு. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"தூக்கிப் போடுன்னுதான் சொன்ன. மனசு வரல. ஒரு நாள் முழுக்க வேகவச்சுப் பொறுக்கினியே."

அவன் சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தான். வால்வைக் கம்பியில் கட்டி இறக்கினான். நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுபதில் அசையவில்லை. எண்பதிலும் அசையவில்லை. எண்பத்திரண்டைத் தொட்டதும் வாய் மெதுவாகப் பிளந்தது. சிக்கவும் இல்லை, ஒரு பழுதும் இல்லை. எஞ்சின் சூடேறியது ஃபேன் பெல்ட் தொளதொளத்ததால்தான்; அன்றைக்குப் பெல்ட்டை இறுக்கியதோடு விட்டிருந்தாலே போதும்.

"அப்போ தப்பு யாரு மேலப்பா?" என்றார் எதிர் பட்டறைக்காரர், இந்தக் கேள்விக்காகவே ஸ்டூலை விட்டு எழுந்து வந்தவர் போல.

சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. பெல்ட்டைச் சொல்லலாம். திரும்பி ஒரு வார்த்தை கேட்காத அக்காவைச் சொல்லலாம். அவனுக்குத் தன் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, சட்டியைத் தூக்கி எறியத் தோன்றியது.

"என் மேல" என்றான்.

"சத்தமா சொல்லு" என்றாள் அக்கா. "என்னை முட்டாள்னு சொன்னது தெரு முழுக்கக் கேட்டுச்சுல்ல?"

"என் தப்புதான்! நான்தான் கழட்டச் சொன்னேன்!"

வெல்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார். எதிர் பட்டறைக்காரருக்கும் அதற்குமேல் நிற்கக் கூச்சமாகிவிட்டது. அக்கா முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. லாரிச் சாவியை அவன் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

"எஞ்சினை இறக்கு. கட்டி முடிச்சதும் இந்த வால்வையே மாட்டு. இனிமே எவளாவது மேட்டுல நின்னு போன் பண்ணினா, முதல்ல வண்டிக்கு அடியிலேர்ந்து வெளிய வந்து பேசு."