வெண்டைப் பாத்தியில் நாவல் வேர்

இப்போதெல்லாம் யாரும் கேட்டுவிட்டு ஒரு காரியம் செய்வதில்லை. செய்து முடித்துவிட்டுச் சொல்கிறார்கள். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சிரித்தால் எதிரில் இருப்பவன் வாயை மூடிக்கொள்வான் என்று ஒரு நினைப்பு. நான் அப்படி மூடிக்கொள்கிற ஆள் இல்லை.

முன்பக்க வீட்டுத் தையல்காரி அதைத்தான் செய்தாள். ஒரு நாள் காலையில் கதவைத் திறக்கிறேன், எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்முற்றத்தில் மண்ணைக் கொத்தி நாலு பாத்தி கட்டிவிட்டு, கையை உதறிக்கொண்டு நிற்கிறாள்.

"பெரியப்பா, வெண்டை விதை போட்டிருக்கேன். பாத்து நடங்க."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"நமக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரைக் கேட்டேன். சரின்னுட்டார்."

"என்னைக் கேட்டியா?"

"இப்பத்தான் சொல்றேனே," என்று சிரித்தாள்.

அதுவரை அந்த முற்றத்தில் இருந்தது நானும் ஒரு நாவல் மரமும்தான். வீடு கட்டுவதற்கு முந்தின மரம். மனைவி போன பிறகு இந்த ஒற்றை அறைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. காலையில் மரத்தடியில் நாற்காலியைப் போட்டால், நிழல் நகர நகர நானும் நகர்ந்து, சாயங்காலம் சுவரோரம் போய்ச் சேர்வேன். மகன் தூரத்தில் இருக்கிறான். போன் பண்ணுவான். "சாப்பிட்டீங்களா" என்று கேட்பான். "சாப்பிட்டேன்" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் விஷயம் இருக்காது. மரத்தோடு நான் பேசினேன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அளவுக்கு மூளை கலங்கவில்லை. தினம் ஒரு வாளி தண்ணீர் அடிமரத்தில் ஊற்றுவேன், அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். ஆனால் நாற்பது வருஷம் மர அறுவை மில்லில் ரம்பத்துக்கு முன்னால் நின்றிருக்கிறேன். இரண்டு விரல் நுனி அங்கேயே தங்கிவிட்டது. மரத்தைப் பற்றி எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் அவளிடமும் சொன்னேன்.

அன்றிலிருந்து காலையில் அவள் பாத்திக்குத் தண்ணீர் விட வருவாள், நான் நாற்காலியில் இருப்பேன், வாய்ச்சண்டை ஆரம்பிக்கும்.

"ஒரு மரம் ஆளாக இருபது வருஷம். உன் வெண்டைக்கு நாப்பத்தஞ்சு நாள். அற்பாயுசுக்கு இவ்வளவு சீராட்டா?"

"அந்த நாப்பத்தஞ்சு நாள்ல சோத்துக்குத் தொட்டுக்க வந்துடுது. உங்க மரம் இருபது வருஷமா என்ன கொடுத்துது? போன வருஷம் ஒரு வெள்ளைச் சட்டையில ஊதாக் கறை கொடுத்துது."

"நாவல் பலகை கிணத்துக்குள்ளயே கிடந்தாலும் உளுத்துப் போகாது தெரியுமா?"

"போட்டு வைக்க எங்கிட்ட கிணறு இல்லையே பெரியப்பா."

"கதவுக்கு ஆகும், நிலைக்கு ஆகும். முத்தின வெண்டைக்காய் விறகுக்குக்கூட ஆகாது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அப்ப அறுத்தாத்தானே உங்க மரம் உதவும்? சும்மா நிக்கிறப்ப அதுக்கு என்ன உபயோகம், சொல்லுங்க."

நிற்கிற மரத்துக்கு மில்லில் யாரும் விலை கேட்டதில்லை. "வேலையைப் பாரு," என்றேன்.

வெண்டை முளைத்தது. முளைத்ததோடு சரி. வெயில் தேடி ஒட்டடைக் கம்பு மாதிரி நீண்டதே தவிர, தடிக்கவில்லை. இலை வெளிறிப்போனது. நாலு பாத்திக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி காய்தான் வந்தது. அதிலும் பாதியை என் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். நான் ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்தேன். பிஞ்சாகத்தான் இருந்தது. ஓசியில் வருவதை ஒடித்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை.

மரம் மட்டும் அந்த வருஷம் ஒரேயடியாகத் துளிர்த்தது. என் வாளித் தண்ணீரின் குணம் என்று நினைத்தேன்.

"குணமாவது," என்றாள் தையல்காரி. "நான் பாத்திக்கு ஊத்துறதையும் போடுற எருவையும் உங்க மரம்தான் தின்னுது. மேல வெயிலை மறைக்குது, கீழ சாப்பாட்டைப் பிடுங்குது."

"மரத்துக்கு வேர் நேரா கீழதான் போகும். உன் பாத்தி இருக்கிற இடத்துக்கும் அடிமரத்துக்கும் பன்னிரண்டு அடி. அங்கிருந்து கையை நீட்டித் திருடவா அது வந்துச்சு?"

அவள் நேராக வீட்டுக்காரரிடம் போய்விட்டாள். மனதாரச் சொல்கிறேன், அங்கே போவாள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்காரருக்கோ மதில் விரிசல் விடும் என்று மரத்தின் மேல் ஏற்கெனவே ஒரு கண். வாய்ப்புக் கிடைத்ததும் ஒரு மரம் வெட்டுகிறவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவன் தோளில் கயிறு, கையில் மண்வெட்டி. கயிற்றைப் பார்த்ததும் நாற்காலியை அடிமரத்தோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

"பெரியவரே, ஒரு முடிவுக்கு வாங்க," என்றார் வீட்டுக்காரர். "செடியா மரமா? ரெண்டும் ஒரே இடத்துல நடக்காதுங்கிறாங்க."

பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "தோண்டிப் பாருங்க," என்றேன். "அந்தப் பாத்தியில ஒரே ஒரு நாவல் வேர் இருந்தா, மரத்தை வெட்டிக்குங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

மரம் வெட்டுகிறவன் மூன்று கொத்துதான் கொத்தினான். நாலாவது கொத்துக்கு வேலை இல்லை. மண்ணைப் புரட்டிக் காட்டினான். நாவல் வேர் வெண்டை வேருக்குள் புகுந்து, தலைமுடிச் சிக்கு மாதிரி அப்படியே பின்னிக் கிடந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தான். அது மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது. தடித்துத் தடித்து, கடைசியில் நேராக மரத்தைப் பார்த்து நின்றது.

"கிளை எவ்வளவு தூரம் போகுதோ அதையும் தாண்டி வேர் போகும் ஐயா. அடியில ஊத்துற தண்ணிய அது பெருசா தொடறதே இல்ல."

"நாப்பது வருஷம் மரம் அறுத்தவன் நான்."

"சரிதான். உங்க மில்லுக்கு வந்த மரம் எதுக்காவது வேர் இருந்துச்சா?"

இல்லை. லாரியில் வந்ததெல்லாம் மொட்டை அடிமரம். நாற்பது வருஷத்தில் ஒரு வேரைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. அதை அவனிடம் சொல்வானேன்? எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கோடாலிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

ரம்பம் என் காதைத் தின்றுவிட்டது என்று எல்லோருக்கும் நினைப்பு. பாதிதான் தின்றது. தையல்காரி வீட்டுக்காரரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"விடுங்க. நான் செடியை மொட்டை மாடிக்குக் கொண்டு போயிடுறேன். அவருக்கு அது ஒண்ணுதானே இருக்கு."

மரத்தை வெட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது. பிச்சையாக வந்தது மரம்.

அன்று சாயங்காலமே பாத்தியைக் கலைத்து, மண்ணை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனாள். அதோடு முற்றம் பழையபடி என்னுடையதாகிவிட்டது. ஜெயித்தது நான்தான், வேறு யார்? காலையில் நாற்காலியைப் போட்டேன். நிழல் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். பழம் பழுத்து விழுந்தது. கறை என்று கத்த ஆள் இல்லை. நானே பெருக்கி நானே அள்ளினேன். தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, மறுபடியும் அடிமரத்திலேயே ஊற்றினேன். மாடியில் அவள் நடக்கிற சத்தம் கேட்கும். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். சில நாள் தனக்குத்தானே பாடுவாள். சுருதி சேராது. அதைச் சொல்லக்கூட வழி இல்லை. அன்றைக்கு முழுக்க நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது இருமும்போதுதான் தெரியும், தொண்டை ஒட்டிப்போயிருக்கும்.

இரண்டு மாசம் கழித்து, ஒரு காலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மதிலில் விரிசல் இருக்கிறதா என்று மேலே இருந்து பார்க்கலாம் என்றுதான் போனேன்.

வெட்டவெளி. ஒரு பொட்டு நிழல் இல்லை. வரிசையாகப் பெயிண்ட் வாளிகள், வாளிக்கு ஒரு செடி, என் நெஞ்சு உயரம். மஞ்சள் பூவும் காயுமாக நின்றது.

"வாங்க பெரியப்பா. வழி தெரிஞ்சுதா?"

"மதிலைப் பாக்க வந்தேன்."

"பாருங்க, பாருங்க. மதில் அந்தப் பக்கம் இருக்கு."

நான் ஒரு வாளியைக் காலால் தட்டினேன். "இதெல்லாம் ஒரு வளர்ப்பா? வாளிக்குள்ள வளர்ந்தா வேர் எங்க போகும்?"

"போக வேண்டாம். அதுக்கு வேண்டியது நாலு மாசம்தான். வெயில், தண்ணி, ஒரு வாளி மண். உங்க மரத்துக்கு முற்றமே பத்தல." ஒரு காயைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டாள். "ஒண்ணு சொல்லட்டுமா? எனக்குக் காலையில தையல் வேலை குவிஞ்சு கிடக்கு. நீங்க தினம் வந்து இதுக்குத் தண்ணி ஊத்துனா உதவியா இருக்கும்."

"வேர் விஷயத்துல அந்த வெட்டுறவன் சொன்னதை நான் ஒத்துக்கல. ஒரு வேர் அப்படி வந்திருக்கலாம். எல்லா வேரும் வருமா?"

"நான் வேரைக் கேக்கலையே. வருவீங்களா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. வாளிகளை எண்ணினேன். பன்னிரண்டு. பன்னிரண்டு வாளிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு மனுஷிக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஊசியில் நூல் கோக்கிற நேரம். அதற்கு ஒரு கிழவன் இத்தனை படி ஏறி வர வேண்டுமாம். வீட்டுக்காரரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னவள்தானே இவள்.

"பாக்கலாம்," என்றேன்.

"நாளைக்கே வாங்க."

"பாக்கலாம்னு சொன்னேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினேன். மேலே அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தையல் வேலை குவிந்து கிடக்கிறதாம். நேற்று முழுக்க அந்தத் தையல் மிஷின் சத்தமே கேட்கவில்லையே.